வெளியில் வாய் திறக்காத மகள்

தலையில் அடிபட்ட பிள்ளை விழுந்தவுடனே வீறிட்டு அழுதால் பயமில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். என் மகளும் அழுதாள். நன்றாகவே அழுதாள். ஆகவே அந்தக் கதையை இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

இதை எழுதச் சொன்னது என் மச்சாள் பிலோமினா. பூசை முடிந்து வெளியே வந்தால் ஆளுக்கொரு பக்கம் நின்று என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று கேட்கிறார்கள். கேட்பதில் பிழையில்லை, அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் ஓடித் திரிகிறார்கள். ஆனால் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் உளைந்துவிட்டது. "ஒருக்கா எழுதிப் போடுங்கோ அண்ணி, கேக்கிற ஆக்களுக்கு நான் வாசிக்கக் குடுக்கிறன்" என்றாள். எழுதுகிறேன். அழுது வடிந்து எழுத எனக்குத் தெரியாது. அந்த நாட்களில் எனக்குள் ஒன்றுமே ஓடவில்லை. விறைத்துப்போன கையைக் கிள்ளிப் பார்ப்பதுபோலத்தான் இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில், பழைய கட்டடம் ஒன்றின் மேல்மாடியில். கீழே இரும்புச் சாமான் கடை. என் கணவர் அன்ரன் துறைமுகத்தில் வேலை செய்கிறார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணம் கட்டி வந்தவள். என் சிங்களம் மரக்கறிச் சந்தையோடு நின்றுவிட்டது. ஷாமினி எங்களுக்கு ஒரே பிள்ளை. அப்போது முதலாம் வகுப்பு.

அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் மாடிப்படியின் மரக் கைபிடியில் சறுக்கி விளையாடியிருக்கிறாள். செய்யாதே என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன், எந்தப் பிள்ளை கேட்கிறது. நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். தொம் என்றொரு சத்தம், பிறகு அழுகை. ஓடிப்போய்ப் பார்த்தால் படிக்குக் கீழே தண்ணீர்க் குழாயைச் சுற்றிக் கட்டிய சீமெந்துக் கட்டில் தலை மோதிக் கிடக்கிறாள். இரத்தம் இல்லை. இடது காதுக்கு மேலே ஒரு வீக்கம் மட்டும். தூக்கினேன். அழுதுகொண்டிருந்தவள் என் தோளிலேயே தொய்ந்து போனாள். கன்னத்தில் தட்டித் தட்டிக் கூப்பிட, கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். எனக்கு உயிர் வந்தது. வீட்டிலேயே வைத்துக்கொள்வோமா என்றுகூட நினைத்தேன். கீழே இரும்புக் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானாதான் விடவில்லை.

"தலை விசயம் தங்கச்சி, வெளாட்டில்ல. ஏறுங்க" என்று தானே முச்சக்கரவண்டி ஒன்றை மறித்து எங்களை ஏற்றிவிட்டார். துறைமுகத்துக்குச் சொல்லி அனுப்புவதாகவும் சொன்னார். சொல்லி அனுப்பினால் உடனே போய்ச் சேருகிற இடமா துறைமுகம். சண்டை நடந்த அந்த வருஷங்களில் உள்ளே போகிற ஆளையும் வெளியே வருகிற ஆளையும் சோதித்துச் சோதித்தே பொழுது போய்விடும்.

ஆஸ்பத்திரி வாசலிலும் அதே சோதனைதான். பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையைக் காட்டி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. ஒரு நீள வாங்கில் தாய்மார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலை என்றதும் எங்களை வரிசையில் விடாமல் நேரே கட்டிலுக்குக் கொண்டு போனார்கள்.

தலையில் அடிபட்ட பிள்ளைக்கு முதலில் என்ன செய்வார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. கூப்பிட்டுப் பார்ப்பார்கள். கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறதா, கேட்டதற்குப் பதில் சொல்கிறதா, கையைத் தூக்கச் சொன்னால் தூக்குகிறதா. இந்த மூன்றுக்கும் புள்ளி போடுவார்கள். புள்ளி கூடினால் மூளை விழித்திருக்கிறது, குறைந்தால் உள்ளே ஏதோ பிழை. பிறகு கண்ணுக்குள் டோர்ச் அடித்து, இரண்டு கண்மணியும் ஒரே மாதிரிச் சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். திரும்பத் திரும்ப இதைத்தான் செய்வார்கள்.

டொக்டர் இளம் ஆள், சிங்களவர். ஷாமினியிடம் குனிந்து, "துவகே நம மொகக்த?" என்று பெயரைக் கேட்டார். அவள் பேசவில்லை. கையைத் தூக்கச் சொன்னார். தூக்கவில்லை. தாதி கேட்டாள். அதற்கும் இல்லை. கண் திறந்திருக்கிறது, கூரையைப் பார்த்தபடி கிடக்கிறாள். டொக்டரின் முகம் மாறியது. தாதியிடம் வேகமாக ஏதோ சொன்னார், அவள் பெரிய டொக்டருக்குச் சொல்ல எழும்பிவிட்டாள்.

வீட்டில் என்னிடம் தண்ணீர் கேட்ட பிள்ளை, வழியில் முச்சக்கரவண்டிக்குள் சோறு வேண்டாம் என்று சொன்ன பிள்ளை. நான் குனிந்து காதுக்குள், "என்னம்மா, ஏன் கதைக்கிறாய் இல்லை?" என்றேன். அவள் கண்ணை மட்டும் அசைத்தாள். அசைத்த பக்கம் பார்த்தேன். வாசலில் ஒரு பொலிஸ்காரர் துவக்கோடு நின்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ரோட்டில், பஸ்ஸில், சோதனைச் சாவடியில், யூனிபோர்ம் போட்ட ஆள் நிற்கிற எந்த இடத்திலும் ஷாமினி வாய் திறக்கக்கூடாது. யார் என்ன கேட்டாலும் அம்மா அப்பா பதில் சொல்வார்கள். ஒருமுறை ஆமியின் சுற்றிவளைப்பில் என் கணவரைப் பிடித்துக்கொண்டு போய் வைத்திருந்து பிறகுதான் விட்டார்கள். தமிழ்ச் சத்தம் கேட்டாலே சந்தேகம் என்று திரும்பி வந்து இவர் போட்ட சட்டம் அது. இத்தனைக்கும் வாய் நிறையச் சிங்களம் பேசுகிற மனிதன். பிள்ளைக்கு இப்படியா பழக்குவது என்று இதை வாசித்துவிட்டு யாராவது கேட்டால், அந்த வருஷங்களில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனையோ வீட்டில் இதே சட்டம் இருந்தது. எங்கள் பிள்ளை கொஞ்சம் கூடுதலாகக் கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அதைச் சொன்னேன். டொக்டர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு எழும்பிப் போய்ப் பொலிஸ்காரரிடம் மெல்ல ஏதோ சொல்ல, அவர் வெளியே போய் நின்றுகொண்டார். டொக்டர் திரும்பி வந்து, தட்டுத் தடுமாறிய தமிழில், "பிள்ளை பேர் என்ன?" என்றார்.

"ஷாமினி அன்ரன்" என்றாள் மகள். கையைத் தூக்கு என்றதற்கு இரண்டு கையையும் தூக்கினாள்.

எல்லோரும் சிரித்தோம். தாதி அவள் கன்னத்தைத் தட்டி, "ஹொந்த துவ" என்றாள், நல்ல பிள்ளையாம். எக்ஸ்ரேயில் மண்டையோட்டில் தலைமயிர் போல ஒரு கோடு தெரிந்தது. வெடிப்பு. அது தானே பொருந்திவிடும், ஆனால் உள்ளே இரத்தம் கசிகிறதா என்று பார்க்க ஸ்கேன் வேண்டும், முறை வரும்வரை வார்டில் வைத்துப் பார்ப்போம் என்றார்கள். வாந்தி எடுத்தாலோ, எழுப்பி எழும்பாவிட்டாலோ உடனே மிஸ்ஸிடம் சொல்லச் சொன்னார்கள். தாதியை அங்கே மிஸ் என்றுதான் கூப்பிடுவோம்.

வார்டில் அடுத்த கட்டிலில் ஒரு கைக்குழந்தை, கட்டிலிலிருந்து விழுந்ததாம். பார்வையாளர் நேரம் மணியடித்ததும் அதன் தகப்பன் வந்தார். ஆமி. முகாமிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும், பச்சை யூனிபோர்ம், பூட்ஸ் எல்லாம் புழுதி. குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு எங்கள் கட்டிலுக்கும் அவர்கள் கட்டிலுக்கும் நடுவில் அங்குமிங்குமாக நடந்தார்.

அவர் வந்து கொஞ்ச நேரத்தில் ஷாமினி கண்ணை மூடிக்கொண்டாள். நான் அதைப் பார்த்தேன். கெட்டிக்காரி என்று நினைத்தேன். "கண்ணை மூடிக்கொண்டு படு, ராசாத்தி" என்று நானே தலையைத் தடவிவிட்டேன். பிறகு அவள் வாயோரம் கொஞ்சம் வாந்தி வந்தது, கோப்பி நிறத்தில். துடைத்தேன். மதியம் தின்ற விசுக்கோத்து என்று நினைத்தேன். கூப்பிட்டேன், பதில் இல்லை. அந்தப் பச்சை உடுப்பு எதிரே நிற்கும்போது எப்படிப் பதில் சொல்வாள். அந்த மனிதர் நான் நிற்பதைப் பார்த்துத் தன் ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டு, பபா, அதுதான் பிள்ளை, நித்திரையா என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். இவர் எப்போது போய்த் தொலைவார், எப்போது பிள்ளை கண்ணைத் திறக்கும் என்றிருந்தது எனக்கு.

மிஸ் தன் சுற்றுக்கு வந்தாள். கூப்பிட்டாள், உலுப்பினாள். நான், "மிஸ், அவ ஆமியக் கண்ட பயத்தில நடிக்கிறா" என்று சிங்களமும் தமிழுமாகச் சொன்னேன். அவள் பேனையை எடுத்து ஷாமினியின் விரல் நகத்தில் வைத்து அழுத்தினாள். இடது கை கொஞ்சம் அசைந்தது. வலது கை அசையவே இல்லை. இமையைத் தூக்கி டோர்ச் அடித்தாள். எனக்கும் தெரிந்தது. ஒரு கண்ணின் மணி சின்னது, மற்றதன் மணி அகலத் திறந்து கிடந்தது.

"அம்மே, இது பயம் இல்ல" என்றாள். அவ்வளவு தமிழ் அவளுக்குத் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு எல்லோரும் ஓடினார்கள். கட்டிலையே உருட்டிக்கொண்டு ஸ்கேனுக்கு ஓடினார்கள். முறையும் இல்லை, வரிசையும் இல்லை. நான் ஸ்டூல் பக்கத்திலேயே நின்றேன். என்னோடு வரச் சொல்லி யாரும் சொல்லவில்லை என்றுதான் நின்றேன் என்று நினைக்கிறேன்.

பெரிய டொக்டர் பிறகு விளக்கினார். மண்டையோட்டுக்கும் மூளையை மூடியிருக்கிற சவ்வுக்கும் நடுவில் ஓர் இரத்தக் குழாய் ஓடுகிறது. வெடிப்பு அதைக் கிழித்துவிட்டது. இரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், சேரும்வரை பிள்ளை பேசும், சிரிக்கும், தண்ணீர் கேட்கும். சேர்ந்த பிறகு மூளையை நெரிக்கும். அதுதான் இந்த நோயின் கள்ளத்தனம். இடையில் நல்லாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துபோவோம். உடனே மண்டையோட்டைத் திறந்து இரத்தக் கட்டியை எடுத்தால் பிள்ளை பிழைக்கும், தாமதித்தால் இல்லை. கையெழுத்துப் போட்டேன். எங்கே போடச் சொன்னார்களோ அங்கே போட்டேன்.

மிஸ் அவள் தலைமயிரை மழிப்பதற்கு முன்னால் இரண்டு பின்னலாகப் பின்னி, நுனியில் பட்டி போட்டு, பிறகு வெட்டி என் கையில் தந்தாள். அவசரத்துக்குள் அவளுக்கு அது எப்படித் தோன்றியதோ. நான் அதை வாங்கிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தேன்.

இவர் வந்து சேர்ந்தபோது ஒப்பரேஷன் நடந்துகொண்டிருந்தது. வேலை உடுப்போடு, எண்ணெய் மணத்தோடு வந்து என் பக்கத்தில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். மரக்கறி விலை சொல்வதுபோலச் சொன்னேன் என்று பிறகு சொன்னார்.

"ஆமிக்காரன் நின்டதால பேசாம இருக்கிறாளென்டு நெனச்சீங்களா?" என்றார்.

"ஓம்."

"நானா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பன்" என்றார். பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளை பிழைத்தாள். தலையில் பெரிய கட்டு, மூக்கில் குழாய், கையில் சேலைன். தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க விட்டார்கள். பிறகு குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். கண்ணைத் திறந்தாள். கையை அசைத்தாள், வலது கையைக்கூட. கண்மணி இரண்டும் ஒரே அளவு. கரண்டியையும் பேனையையும் காட்டிச் சாப்பிடுவது எதனால் என்றால் கரண்டியைத் தொட்டுக் காட்டினாள். பேசத்தான் இல்லை.

பெரிய டொக்டர் மறைக்கவில்லை. காயம் இடது பக்கம். பேச்சு இருக்கிற பக்கமும் அதுதான். மூளை நெரிபட்டிருந்தது. பேச்சு திரும்பி வரலாம், மெல்ல வரலாம், வராமலும் போகலாம். "பேச முடியேல்லயா, பேச மாட்டன் எண்டிருக்கிறாளா?" என்று நான் கேட்டதை இவர் சிங்களத்தில் சொன்னார். டொக்டர் தனக்கே தெரியவில்லை என்றார். முதல் நாள் நடந்தது அவருக்கும் தெரியுமே.

திரும்ப வார்டுக்கு மாற்றிய பிறகு எல்லோரும் ஆளுக்கொரு வித்தை செய்தார்கள். மிஸ் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக் காவலாளியைக்கூட அந்தப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அந்தக் குழந்தையின் தகப்பன் அடுத்த தரம் சாதாரணச் சட்டையோடு வந்தார். யார் சொல்லி வந்தார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. பிலோமினா தினமும் கோழிச் சூப் கொண்டு வருவாள். ஷாமினி கரண்டியைக் கண்டு முகத்தைத் திருப்பினால், "அப்ப நான் குடிக்கிறன், பிறகு அழக்கூடாது" என்று தானே குடிப்பாள். மகள் சிரிப்பாள், சத்தமில்லாமல்.

இவர் தினமும் வேலை முடிந்து வந்து அவள் காதோடு ஒரே விஷயத்தைத்தான் சொன்னார். "இனி அந்தச் சட்டம் இல்ல மகள். அப்பா எடுத்தாச்சு. ஆர் நின்டாலும் பேசலாம். சத்தமாப் பேசலாம்." அவள் கவனமாகக் கேட்பாள். அவர் தாடியைத் தடவிப் பார்ப்பாள்.

திரைக்குள் நானும் அவளும் தனியே இருக்கிற நேரம் வரும். அந்த நேரம்தான் எனக்குப் பயமாக இருந்தது. என்னோடு தனியே இருக்கும்போது அவள் வாய் மூடியதே கிடையாது. வீட்டில் வாய் ஓயாத பிள்ளை, வாயை வாடகைக்கு விட்டிருக்கிறியா என்று நானே ஏசியிருக்கிறேன். "அம்மா எண்டு ஒருக்காச் சொல்லு" என்பேன். உதட்டைப் பார்ப்பாள். தன் உதட்டைத் திறப்பாள், பிறகு மூடுவாள். அப்போது இது சட்டமில்லை, காயம்தான் என்று எனக்குத் தெரிந்துவிடும். எழும்பிப் போய்ப் பாத்திரத்தைக் கழுவுவேன். பார்க்க வந்த சொந்தக்காரர் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று பேசிக்கொண்டார்களாம். பேசட்டும். கல் என்றால் நல்லதுதானே, நோகாது.

தையல் வெட்டினார்கள். வீட்டுக்குப் போகலாம், கிழமைக்குக் கிழமை கிளினிக்குக்கு வரவேண்டும், பேச்சுப் பயிற்சி தொடங்குவோம் என்றார்கள். மிஸ் வாசல் வரை வந்து, அவள் தலைக்குப் பூப்போட்ட துணித் தொப்பி ஒன்றைப் போட்டுவிட்டாள். தானே தைத்ததாம்.

முச்சக்கரவண்டியில் நானும் மகளும் உள்ளே, இவர் ஓரத்தில். மகள் என் மடியில். ஆமர் வீதியில் வழக்கமான சோதனைச் சாவடி. மறித்தார்கள். இவர் இறங்கி அடையாள அட்டைகளைக் கொடுத்தார். ஆமிக்காரன் சின்னப் பொடியன் மாதிரி, மீசை சரியாக முளைக்கவில்லை. குனிந்து உள்ளே பார்த்தவன் தொப்பியையும் அதற்குக் கீழே தழும்பையும் கண்டு, "அனே, மொகத வுனே?" என்றான். அடபாவமே, என்ன நடந்தது என்கிறான். பிறகு ஷாமினியைப் பார்த்துச் சிரித்து, பெயர் என்ன என்று கேட்டான்.

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் திரும்பவும் கேட்டான். இவர் சிங்களத்தில், ஒப்பரேஷன் செய்த பிள்ளை, பேச்சு இல்லை என்றார். அந்தப் பேச்சு இல்லை என்ற வார்த்தையை அவர் வெளியாளிடம் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம். எனக்கு என்ன நடந்ததென்று தெரியாது. அத்தனை நாளும் எங்கே கிடந்ததோ, எல்லாம் சேர்ந்து வெளியே வந்தது. நான் கத்தத் தொடங்கிவிட்டேன். நடுரோட்டில், ஆமிக்கு முன்னால், முழுத் தமிழில். "சொல்லு பிள்ளை. உன்ர பேரைச் சொல்லு. கேக்கிறார் தானே, சொல்லன். ஷாமினி எண்டு சொல்லு. அம்மா எண்டாவது சொல்லு." அவள் தோளைப் பிடித்து உலுப்புகிறேன், கண்ணீர் அவள் தொப்பியில் விழுகிறது. பக்கத்துப் பஸ்ஸிலிருந்தவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். அப்பால் நின்ற இன்னொரு ஆமிக்காரன் துவக்கை நிமிர்த்திக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறான்.

மகள் தன் கையால் என் வாயைப் பொத்தினாள். என் கழுத்தைப் பிடித்துக் கீழே இழுத்தாள். காதுக்குள் மூச்சுப் பட்டது.

"கத்தாதேங்கோ அம்மா" என்றாள். "ஆமி நிக்குது."

ஒரு எழுத்துப் பிசகவில்லை. இவருக்கும் கேட்டிருக்கிறது, திருப்பி வாங்கிய அட்டைகள் கையிலிருந்து கீழே விழுந்தன. அந்தப் பொடியன் குனிந்து அவற்றைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, பிள்ளை என்ன சொன்னாள் என்று இவரைக் கேட்டான்.

"அம்மாவை அழ வேண்டாமாம்" என்றார் இவர் சிங்களத்தில்.

போகச் சொன்னார்கள். நான் வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை.